மலைப்பாதைக்கு ஜீப்பைத் தயார் செய்வது: டிஃபரென்ஷியல் லாக்கர் தேர்வும் பொருத்தும் முறையும்

குமரி மாவட்டத்தில் ஜீப் திணறும் இடங்களை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அருமனை, கடையால், பத்துகாணி பக்கம் ரப்பர் விளைகளுக்குள் செங்குத்தாக ஏறும் செம்மண் பாதை ஒன்று. கீரிப்பாறையைத் தாண்டி மாறாமலை, பாலமோர் எஸ்டேட்டுகளுக்குப் போகும், கல்லும் ஓடையும் கலந்த மலைப்பாதை இன்னொன்று. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நனைக்கும். மண் உலர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். அதனால் ஆண்டில் பாதிக்கு மேல் இந்தப் பாதைகள் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். மேற்கே முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்து மணல் தனிக் கதை; அங்கே டயர் காற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தப் பாதைகளில் பெரும்பாலானவை மலைச்சரிவைக் குறுக்கே வெட்டிப் போட்டவை. ஒரு பக்கம் வெட்டுமண், மறுபக்கம் பள்ளம், பாதையே பள்ளப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் கருவிதான் லாக்கர்; எந்த வகையை வாங்குவது என்பதை முடிவு செய்வது இந்தச் சாய்வுதான்.

ஓப்பன் டிஃபரென்ஷியல் ஏன் கைவிடுகிறது

அச்சின் நடுவில் இருந்து எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். பூட்டு இல்லாத சாதாரண வகை, அதாவது ஓப்பன், இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்ற 150 நியூட்டன் மீட்டர் போதும் என்றால், நல்ல பாறைமேல் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே 150தான் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றுச் சக்கரம் வேகமாகச் சுழலுமே தவிர, பாறைமேல் இருக்கும் சக்கரத்துக்கு விசை கூடாது. ஃபோர் வீல் போட்டிருந்தாலும் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பிடி விட்டால் வண்டி நின்றுவிடும். ஓடைக்கல் மேல் குறுக்கு மூலைச் சக்கரங்கள் இரண்டும் தூக்கி நிற்கும்போது நடப்பது இதுதான்.

லாக்கர், சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. பிடி உள்ள சக்கரம் தாங்கும் அளவுக்கு விசை அதற்குப் போகும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும்: முன்பு இரண்டு ஷாஃப்ட்டுக்கும் பாதிப் பாதியாகப் போன விசை முழுவதும் இப்போது ஒரே ஷாஃப்ட்டில் ஏறலாம். பழைய ஷாஃப்ட்டில் ஸ்ப்ளைன், அதாவது முனையில் வெட்டிய நீளப் பற்கள், முறுக்கியிருந்தால் அன்றைக்கே உடையும்.

பணம் செலவழிக்குமுன்

முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2015இல் மாற்றம் பெற்று வந்த மஹிந்திரா தாரிலும் 2020இல் வந்த புதிய தாரிலும் சில வகைகளில் ஈட்டன் நிறுவனத்தின் தானாகப் பூட்டும் பின்பக்க லாக்கர் கம்பெனியிலிருந்தே உண்டு. பொத்தான் எதுவும் கிடையாது என்பதால், இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும். சுமார் 32 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. சக்கரம் சுழலத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிட்டால் அந்த வித்தியாசம் வரவே வராது. ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்திருந்தால் ஒரு ‘டக்’ சத்தத்துடன் பூட்டிக்கொள்ளும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் பூட்டும் லாக்கர் உண்டு. ஜிம்னியில் பூட்டு கிடையாது. சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறு சக்கரத்துக்கு விசை அனுப்பும் ஏற்பாடு மட்டும்தான்.

டயர் காற்று அடுத்தது. சாலையில் 30 பிஎஸ்ஐ சுற்றி ஓடும் டயரை ஈரச் செம்மண்ணில் 18 முதல் 20 வரையும், மணலில் 14 முதல் 16 வரையும் இறக்கலாம். கூரான சரள்கல் பாதையில் அவ்வளவு இறக்கினால் டயரின் பக்கச்சுவர் கிழியும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங்கும் அதைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளும் துருப்பிடித்து இறுகியிருந்தால் சக்கரம் கீழே இறங்காது, சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். கடற்காற்று படும் ஊர்களில் இது சாதாரணம். ஷேக்கிள் புஷ்ஷை மாற்றி கிரீஸ் அடித்தாலே, லாக்கர் வேண்டும் என்று நினைத்த இடம் ஒன்றிரண்டு கடந்துவிடும்.

ஒரு சக்கரம் சுழலும்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், அந்தச் சக்கரத்தை பிரேக் தடுத்து மறு சக்கரத்துக்கு விசை போகும். ஹேண்ட்பிரேக்கிலும் இதைச் செய்யலாம் என்று சொல்வார்கள். ஆனால் பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் டிரம் முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும். அது பிடிப்பது டிஃபரென்ஷியலுக்கு முன்னால். அங்கே இந்த உத்தி வேலை செய்யாது, வண்டி நிற்கத்தான் செய்யும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கையால் பூட்டித் திறக்கும் லாக்கர், அதாவது காற்றழுத்தத்திலோ மின்சாரத்திலோ இயங்குவது, இந்த மாவட்டத்து மலைப்பாதைக்கு முதல் தேர்வு. காரணம் அந்தச் சாய்வு. பள்ளப்பக்கமாகச் சாய்ந்த ஈரப்பாதையில் இரண்டு பின்சக்கரமும் பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே பிடி விடும். பின்புறம் அப்படியே பள்ளத்துப் பக்கம் நழுவும். ஓப்பன் டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது உருளாமல் நின்று பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே வேண்டாத நேரத்தில் திறந்து வைக்க முடிகிற லாக்கர்தான் இங்கே பாதுகாப்பு.

முழுவதும் பூட்டாமல், பிடி உள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசை தரும் லிமிடெட் ஸ்லிப்பில் ஹெலிக்கல் கியர் வகை இரண்டாவது தேர்வு. ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூடிராக் இந்த வகை. இதற்கு வயரும் கிடையாது, பொத்தானும் கிடையாது. தார்ச்சாலையில் தினமும் ஓடி, வாரத்துக்கு ஒரு முறை எஸ்டேட்டுக்கு ஏறும் வண்டிக்குப் பொருத்தமானது. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தூக்கிவிட்டால் மட்டும் இதன் உதவி குறையும். அப்போது பிரேக்கை லேசாக மிதித்து அந்தச் சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பு கொடுக்க வேண்டும். கிளட்ச் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப்பும் வேலை செய்யும். ஆனால் தட்டுகள் தேயும், அதற்கென்று ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த எண்ணெய் வேண்டும்.

டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியனையும் சன் கியரையும் மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடும் தானியங்கி லாக்கர் மலிவானது. கிரவுன் என்ற பெரிய பல்வட்டத்தின் அமைப்பைத் தொடாமலேயே பொருத்திவிடலாம். அதனால்தான் பலருக்கு ஆசை. ஆனால் வீல்பேஸ் குறைந்த ஜீப்பில், மழையில், தார்ச்சாலை வளைவில் அது திடீரென்று பூட்டித் திறக்கும்போது பின்புறம் ஆடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வளைவுகளில் தினமும் ஓட்டும் வண்டிக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்டார் பினியனை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுவது பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: சாலையில் ஓடும் எந்த வண்டியிலும் செய்யாதீர்கள். திருப்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், டயர் தேயும், ஷாஃப்ட் உடையும், ஈரச்சாலையில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்னாலேயே போடுங்கள். ஏற்றத்தில் எடை பின்னச்சுக்கு மாறும். பிடியும் அங்கேதான் இருக்கும். முன்னால் லாக்கர் போட்டுப் பூட்டினால் ஸ்டியரிங் கனக்கும். முழுவதும் திருப்பிய நிலையில் விசை கொடுத்தால் முன் ஷாஃப்ட்டின் யூ-ஜாயின்ட்டோ சிவி ஜாயின்ட்டோ முதலில் போகும்.

வாங்குமுன் அச்சில் எண்ண வேண்டியவை

‘ஜீப் லாக்கர்’ என்று கேட்டு வாங்கினால் பெட்டியைத் திறக்கும்போதுதான் பொருந்தாது என்று தெரியும். பழைய மஹிந்திரா ஜீப்புகளின் பின்னச்சு டானா 44 என்ற அச்சு வகையின் வழிவந்தது. அந்தக் குடும்பத்தில் ஆக்ஸில் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் 10, 19, 30 என்று காலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. ஒரு ஷாஃப்ட்டை வெளியே இழுத்து ஸ்ப்ளைனை எண்ணிப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது.

அடுத்து ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. கவரைக் கழற்றி கிரவுன் பல்லையும் அதைச் சுழற்றும் சிறிய பினியனின் பல்லையும் எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். 43க்கு 8 என்றால் 5.38, 39க்கு 8 என்றால் 4.88, 41க்கு 10 என்றால் 4.10, 41க்கு 11 என்றால் 3.73. டானா 44இல் கிரவுனைத் தாங்கும் கூடான கேரியர் 3.73க்கும் அதற்குக் கீழும் ஒன்று, 3.92க்கும் அதற்கு மேலும் வேறு. ஸ்டார் பினியன் இடத்தில் மட்டும் போடும் வகை தவிர, லாக்கர் என்பது புதிய கேரியரே ஆகையால் எந்தப் பக்கத்துக்கானது என்று பார்த்து வாங்க வேண்டும்.

சக்கரப்பக்கம் கூம்பாக முடிந்து கீ வைத்து நட்டால் இறுக்கும் பழைய ஷாஃப்ட்டாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்த அமைப்பில் இரண்டு ஷாஃப்ட்டின் உள்முனைகளும் டிஃபரென்ஷியல் நடுவில் உள்ள ஒரு கட்டையை முட்டி நிற்கும். சில லாக்கர்களில் நடுவில் அந்தக் கட்டைக்கு இடமே இருக்காது. வாங்குமுன் விற்பவரிடம் இதைக் கேட்டே தீர வேண்டும். பொருத்திய பிறகு ஷாஃப்ட்டின் உள்வெளி ஆட்டம் 0.05 முதல் 0.15 மி.மீ. இருக்கும்படி பிரேக் தட்டுக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். கூம்பு ஷாஃப்ட்டின் நட்டு 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக வேண்டும். தளர்ந்தால் கீ வெட்டிக்கொண்டு ஹப் தனியாகச் சுற்றும்.

ஜிப்ஸியில் வேலை எளிது. அதன் டிஃபரென்ஷியல் முழுவதும் ஒரு கட்டாகக் கழன்று வெளியே வரும்; மேசையில் வைத்து நிதானமாகச் செய்யலாம். கீழே சொல்லும் முறை, ஹவுசிங்குக்குள்ளேயே கேரியர் உட்கார்ந்து பின்னால் மட்டும் கவர் திறக்கும் டானா வகைக்கு.

கருவிகள்

காந்தக் கால் வைத்த டயல் கேஜ், மைக்ரோமீட்டர், 30 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் டார்க் ரெஞ்ச், பேரிங் புல்லர், பற்கள் எங்கே தொடுகின்றன என்று காட்டும் பல் தடம் பார்க்க பிரஷ்யன் புளூ அல்லது மஞ்சள் பல்-பேஸ்ட், ஒரு வில் தராசு. பிரஸ் வேலையை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த லேத்திலும் செய்து தருவார்கள். டயல் கேஜ் இல்லாத இடத்தில், கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லும் இடத்தில், கிரவுன் வேலையைக் கொடுக்காதீர்கள். இங்கே பேசுவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விரலுக்கு அது தெரியாது.

கழற்றுவது

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி எண்ணெயை வடியுங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம். இரும்புத்துகள் பொடியாக வருவது இயல்பு. செதிலாக வந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்ந்திருக்கிறது.

எதையும் கழற்றுமுன் கிரவுனில் நான்கு இடங்களில் பேக்லாஷை, அதாவது பினியன் பல்லோடு உள்ள ஆட்டத்தை, அளந்து எழுதி வையுங்கள். பழைய கிரவுன் பினியனையே மீண்டும் போடுவதாக இருந்தால் இந்த அளவுதான் உங்கள் வழிகாட்டி: பழகிய பற்கள் பழகிய இடைவெளியில்தான் சத்தமில்லாமல் ஓடும். நான்கு இடங்களுக்கிடையே 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

பேரிங் கேப் இரண்டையும் பஞ்ச் வைத்துக் குறியிடுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் வலம் மாறினால் பேரிங் வட்டம் கெடும். ஷாஃப்ட்டுகளை வெளியே இழுத்த பிறகு கேரியரை எடுக்க ஹவுசிங்கைச் சற்று விரிக்க வேண்டும். விரிப்பான் இருந்தால் 0.5 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். அதைத் தாண்டினால் ஹவுசிங் பழைய நிலைக்குத் திரும்பாது. விரிப்பான் இல்லாவிட்டால் இரண்டு மரக்கட்டைகளை நெம்புகோலாக வைத்துச் சீராக வெளியே தள்ளலாம். சுத்தியல் கூடாது.

டானா 44இல் பக்க ஷிம்கள் பேரிங்குக்கும் கேரியருக்கும் நடுவே இருக்கும். பழைய பேரிங்கைப் புல்லரால் எடுத்து, இடப்பக்க ஷிம்மையும் வலப்பக்க ஷிம்மையும் தனித்தனியாகக் கட்டி, தடிமன் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறை ஷிம் மாற்றும்போதும் புதுப் பேரிங்கை இழுத்தால் அது பாழாகும். பழைய பேரிங்குகளின் உள்வட்டத்தை லேத்தில் சற்றுத் தேய்த்து, கையால் போட்டு எடுக்கும்படி வைத்துக்கொண்டால் எத்தனை முறையும் சோதிக்கலாம். புதிய பேரிங் கடைசியில்தான் ஏற வேண்டும். சோதனைக்கும் கடைசிக்கும் ஒரே தயாரிப்பு பேரிங்காக இருப்பது நல்லது. உயரம் மாறினால் கணக்கு மாறும்.

கேரியரைப் பொருத்துவது

கிரவுனை லாக்கர் கேரியரில் ஏற்றுமுன் இரண்டின் முகத்தையும் எண்ணெய்க்கல் கொண்டு தடவுங்கள். ஒரு சிறு பிசிறு போதும், கிரவுன் கோணலாகும். கிரவுனை வெந்நீரில் போட்டுச் சூடாக்கினால் எளிதாக இறங்கும். உடனே துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். கேஸ் டார்ச்சால் சூடாக்கக் கூடாது. போல்ட்டுகள் புதியதாக, திரெட் லாக் பூசி, குறுக்கும் நெடுக்குமாக 75 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

இப்போது ஷிம் கணக்கு. ஷிம் எதுவும் இல்லாமல் கேரியரைச் சோதனைப் பேரிங்குகளுடன் ஹவுசிங்கில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜில் பாருங்கள். உதாரணத்துக்கு 2.00 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு கிரவுன் பினியனோடு இடைவெளியே இல்லாமல் முட்டும் வரை தள்ளி, அங்கிருந்து கிரவுனின் முதுகுப்பக்கம் எவ்வளவு நகர முடிகிறது என்று அளக்கவும். அது 0.90 என்று கொள்வோம். கேரியர் 0.1 மி.மீ. நகர்ந்தால் பேக்லாஷ் ஏறக்குறைய 0.07 மாறும். நமக்கு 0.18 வேண்டுமானால் சுமார் 0.25 விலக வேண்டும். எனவே கிரவுன் முதுகுப்பக்க ஷிம் 0.65, எதிர்ப்பக்கம் 1.35. இதற்கு மேல் பேரிங்குக்கு முன்னிறுக்கம் தர, அதாவது ஆட்டமில்லாமல் சற்று நெருக்கி வைக்க, மொத்தம் 0.38 மி.மீ. கூட்டி இரண்டு பக்கமும் பாதியாகப் பிரிக்க வேண்டும்: 0.84ம் 1.54ம். கேரியர் இப்போது எளிதாக உள்ளே போகாது. நெருக்கமாகத்தான் போகும், போக வேண்டும். கேப் போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி மீண்டும் பேக்லாஷை அளந்து பாருங்கள். புதிய பற்களுக்கு 0.13 முதல் 0.23க்குள் இருந்தால் சரி. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அந்த எண்ணே செல்லும்.

பலர் விடும் தவறு முன்னிறுக்கம் கொடுக்காமல் விடுவது. கையில் இலேசாகச் சுழல்கிறதே என்று திருப்தியாக இருக்கும். ஏற்றத்தில் முழு விசை வரும்போது கிரவுன் பினியனை விட்டு விலகும், பல் நுனியில் மட்டும் சுமை விழும், சில மாதத்தில் நுனி உடையும்.

பினியன்

கேரியரை மட்டும் மாற்றி, பழைய கிரவுன் பினியனையே போடுகிறீர்கள், பினியனிலும் ஆட்டம் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள். பினியன் கிரவுனை நோக்கி நிற்கும் ஆழம் மாறவில்லை. புதிய செட் போடுவதானால் பினியன் தலையில் பொறித்திருக்கும் கூட்டல் கழித்தல் எண்ணைப் பாருங்கள். அது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. பழைய பினியன் எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை உள் பேரிங் கப்புக்குப் பின்னால் உள்ள ஷிம்மில் சரிக்கட்டித் தொடங்கலாம். மீதியைப் பல் தடம் சொல்லும்.

நட்டை 270 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியபின், ஆயில் சீல் போடாமல், சுழற்றத் தேவைப்படும் விசையைப் பாருங்கள். புதிய பேரிங்குக்கு 2.3 முதல் 4.5 நியூட்டன் மீட்டர். பழைய பேரிங்குக்கு அதில் பாதி. சிறிய டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் வில் தராசு போதும். 5 செ.மீ. ஆரம் உள்ள ஃபிளேஞ்சில் நூலைச் சுற்றி இழுத்தால், சீராகச் சுற்றும்போது தராசு சுமார் 6 கிலோ காட்டுவது 3 நியூட்டன் மீட்டருக்குச் சமம். தொடங்கும் கணத்தில் காட்டும் எண்ணை எடுக்காதீர்கள்.

பல் தடம் பார்ப்பது

ஏழெட்டுப் பல்லில் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, கிரவுனை ஒரு மரக்கட்டையால் சற்றுத் தடுத்தபடி பினியனை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். தடுக்காமல் சுழற்றினால் தடம் சரியாக விழாது. முதலில் தடம் பல்லின் உயரத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடிப்பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் பினியன் மிகவும் உள்ளே போயிருக்கிறது. ஆழ ஷிம்மைக் குறைக்க வேண்டும். பல் உச்சியில் ஏறியிருந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. ஷிம்மைக் கூட்ட வேண்டும். அது நடுவுக்கு வந்த பிறகே நீளவாக்கைப் பாருங்கள். வெளிவட்டப் பக்கமாக ஒதுங்கியிருந்தால் பேக்லாஷைக் குறைக்கவும். உள்வட்டப் பக்கம் ஒதுங்கியிருந்தால் கூட்டவும். ஷிம் ஒரு முறைக்கு 0.05 மி.மீ. அளவில் மாறினாலே போதும். பழைய பற்களில் தடம் அழகாக நடுவில் வராது. அங்கே பழைய பேக்லாஷ் திரும்ப வந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

இந்த வேலைக்கு ஒரு முழுநாள் போகும் என்று மெக்கானிக் சொன்னால் நம்புங்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறவர் தடம் பார்க்கப்போவதில்லை.

காற்றுக்குழாயும் வயரும்

ஏஆர்பி நிறுவனத்தினுடையது போன்ற காற்று லாக்கரில் ஹவுசிங்கின் மேற்பகுதியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே, 11.2 மி.மீ. துளையிட்டு கால் அங்குல என்பிடி திரெட் வெட்ட வேண்டும். டிரில்லில் கிரீஸ் பூசித் துளைத்தால் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் காந்தத்தாலும் துணியாலும் எடுங்கள். ஒரு சிறு சுருள் உள்ளே தங்கினாலும் புதுப் பேரிங் போச்சு. வெளியே வரும் குழாய், அச்சு முழுவதும் கீழே தொங்கும் நிலையிலும் இழுபடாத அளவு தளர்வாக இருக்க வேண்டும். சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கம்ப்ரஸரை எஞ்சின் அறையில் உயரமான இடத்தில், ரிலேயும் ஃபியூஸும் வைத்துப் பொருத்த வேண்டும்.

மின்சார லாக்கரில் குழாய்த் தொல்லை இல்லை. ஆனால் கனெக்டரில் ஓடைத் தண்ணீரும் கடற்காற்றும் புகும். டைஎலக்ட்ரிக் கிரீஸ் நிரப்பி, கனெக்டரைச் சேசிஸ் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள்.

அச்சுக்குள் காற்று போய்வரும் வழியான பிரீதர் இதைவிட முக்கியம், ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் மறப்பது. காளிகேசம் பக்கம் ஏறும்போது அச்சு நன்றாகச் சூடாகியிருக்கும். அப்படியே குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் அச்சிலேயே இருந்தால், அல்லது சேறு அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் வெளுப்பது இப்படித்தான். 8 மி.மீ. எண்ணெய் தாங்கும் குழாயை பிரீதரில் மாட்டி எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோங்கள். லாக்கர் வாங்காவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

மூடுவதும் எண்ணெயும்

கவர் முகத்தைத் துடைத்து, சிலிக்கோன் கேஸ்கெட்டை இடைவெளி இல்லாமல் இட்டு, போல்ட்டுகளைக் குறுக்காக 30 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஒரு மணி நேரமாவது விட்டு எண்ணெய் ஊற்றலாம். நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 பெரும்பாலான வண்டிக்குச் சரி. ஹெலிக்கல் வகைக்கு சாதாரண மினரல் எண்ணெய்தான். சிந்தெட்டிக்கும் மாடிஃபையரும் ஊற்றினால் அதன் உராய்வு குறைந்து பூட்டும் திறனும் குறையும்.

ஸ்டாண்டில் இருக்கும்போதே, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின்சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அசையாமல் நின்றால், லாக்கர் திறந்த நிலையில் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். பூட்டிய நிலையில் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துதான் சுற்றும், புரொப்பெல்லரும் கூடவே திரும்பும். பத்து முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகு வண்டியை இறக்கலாம்.

பெரிய டயர் போட்டால் ரேஷியோ

பெரிய டயர் போட்டால் கியர் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகும். ஏற்றத்தில் கிளட்ச் எரியும். கணக்கு எளிது: பழைய ரேஷியோவைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுக்கவும். 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ.; 31 அங்குல டயர் 787 மி.மீ. 3.73 ரேஷியோ உள்ள வண்டியில் இந்த மாற்றம் செய்தால் 4.00 வேண்டும், கிடைப்பதில் பக்கத்தில் உள்ளது 4.10. ஃபோர் வீல் வண்டியில் முன்னச்சையும் அதே ரேஷியோவுக்கு மாற்றியே ஆக வேண்டும். முன்னொன்றும் பின்னொன்றுமாக விட்டு ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கி உடையும். டயர் அளவை மாற்றுமுன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறான மாற்றத்தை அது தடுக்கிறது.

முதல் 800 கி.மீ.

புதிய கிரவுன் பினியன் என்றால் முதல் ஓட்டம் 20, 25 கி.மீ. இலேசாக ஓட்டி, அச்சு முழுவதும் ஆறும்வரை நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபிறகு சாதாரணமாக ஓட்டலாம். 800 கி.மீ. வரை ரப்பர் ஷீட்டோ அன்னாசியோ முழுச் சுமை ஏற்றி மலையேறக் கூடாது. அதன் முடிவில் எண்ணெயை மாற்றிவிடுங்கள். முதல் எண்ணெயில் உலோகப் பொடி நிறைய வரும், அது இயல்பே.

ஓட்டும்போது

லாக்கரைத் தடைக்கு முன்னாலேயே, வண்டி நின்றோ ஊர்ந்தோ இருக்கும்போது பூட்ட வேண்டும். சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டினால் பல் முகத்தில் அடி விழும். தடையைத் தாண்டியதும் திறந்துவிடுங்கள். பள்ளப்பக்கம் சாய்ந்த பாதையில், குறிப்பாக ரப்பர் இலை உதிர்ந்து நனைந்திருக்கும் இடத்தில், பூட்டாமல் முயன்று, முடியாவிட்டால் மட்டும் பூட்டி மிக மெதுவாக ஊர வேண்டும். இறக்கத்தில் திருப்பம் இருந்தால் முன் லாக்கரைக் கண்டிப்பாகத் திறந்துவிடுங்கள்.

நன்றாகப் பொருத்திய லாக்கர் பாதைக்கும் நல்லது. ஒரு சக்கரம் வீணாகச் சுழன்று தோண்டும் குழியில்தான் அடுத்த மழை ஓடையாகப் பாய்ந்து எஸ்டேட் பாதையை அறுக்கிறது. வன எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த வண்டியும் ஏறக் கூடாது.

சத்தமும் கோளாறும்

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் பினியன் ஆழத்தையும் பேக்லாஷையும் மறுபடி பாருங்கள். காலை எடுத்ததும் வந்தால் பினியன் முன்னிறுக்கம் தளர்ந்திருக்கலாம்; நட்டைச் சும்மா இறுக்கிவிடாமல் அளந்து பாருங்கள். இரண்டிலும் மாறாமல் வரும் உறுமல் பேரிங்கினுடையது. கிளம்பும்போது ‘டங்’ என்றால் முதலில் யூ-ஜாயின்ட்டைப் பார்த்துவிட்டுப் பிறகே உள்ளே சந்தேகப்பட வேண்டும்.

லாக்கர் பூட்டாமல் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடினால் காற்று கசிகிறது. சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் தடவிப் பார்க்கலாம். சோலனாய்டு வழியாக எண்ணெய் துப்பினால் உள்ளே ஓ-ரிங் கிழிந்திருக்கிறது, கவரைத் திறந்தே ஆக வேண்டும். பொத்தானை அணைத்த பின்னும் திறக்காவிட்டால் பெரும்பாலும் கோளாறு இல்லை; ஷாஃப்ட்டுகள் முறுக்கி நிற்கின்றன. இரண்டு மூன்று அடி பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பினால் விட்டுவிடும். அதற்கும் விடாவிட்டால் சக்கரத்தைத் தூக்கிக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அப்போதும் பூட்டியே இருந்தால் ஷிஃப்ட் ஃபோர்க்கோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கிறது, தார்ச்சாலையில் ஓட்டாமல் கழற்றிப் பார்க்க வேண்டும்.